லில்லி பார்: லெஃப்ட் பேக்காக வந்த 14 வயசுப் பொண்ணு... 50 வருஷம் மைதானத்தை மூடிய இங்கிலாந்து! யார் இவர்?

1920 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். லிவர்பூல் நகரத்தில் எவர்டன் கிளப்பின் குடிசன் பார்க் மைதானத்துக்குள் 53 ஆயிரம் பேர். உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நின்று திரும்பிப் போனவர்கள் இன்னும் பல ஆயிரம் பேர். ஆடியது எவர்டனும் இல்லை, லிவர்பூலும் இல்லை. இரண்டு பெண்கள் அணிகள். ஒன்று 'டிக், கெர் லேடீஸ்', இன்னொன்று 'செயின்ட் ஹெலன்ஸ் லேடீஸ்'.

சரியாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5ஆம் தேதி, அந்த மாதிரி மைதானம் எதிலும் பெண்கள் கால்பந்து ஆடக்கூடாது என்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் தடை போட்டுவிட்டது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது.

அந்த ஆட்டத்திலும் ஆடி, அந்தத் தடைக்கு அப்புறமும் சுமார் 30 வருஷம் ஆடி, தடை நீங்கியதையும் உயிரோடு இருந்து பார்த்தவர்தான் லில்லி பார்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு லிவர்பூல் புதுப் பெயர் இல்லை. நம்ம கரிசல் மண்ணின் பருத்தி, தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலேறி லிவர்பூல் பருத்திச் சந்தைக்குப் போன காலம் உண்டு. அங்கே அந்தப் பருத்திக்கு 'டின்னவெல்லி' என்றே பெயர். லிவர்பூலைச் சுற்றியிருந்த லங்காஷயர் முழுக்க பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடி ஆலை. அங்கே வேலை பார்த்த குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர்தான் லில்லியும்.

கண்ணாடி ஆலைத் தொழிலாளியின் மகள்

1905 ஏப்ரல் 26ஆம் தேதி செயின்ட் ஹெலன்ஸ் ஊரில், வாடகை வீட்டில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் நாலாவது. அப்பா ஜார்ஜ், உள்ளூர் கண்ணாடி ஆலையில் கூலித் தொழிலாளி.

தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா தலைமையில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது 1908 பிப்ரவரியில். அப்போது லில்லிக்கு மூணு வயசுகூட முடியவில்லை. ஆலையை நம்பி வயிறு கழுவும் ஊர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்திருக்கின்றன. அது லங்காஷயராக இருந்தாலும் சரி, கோரமண்டல் கரையாக இருந்தாலும் சரி.

அந்தக் காலத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தையலும் சமையலும்தான் என்று வீட்டில் எதிர்பார்த்திருப்பார்கள். லில்லிக்கு அதில் நாட்டமே இல்லை. அண்ணன்மாரோடு பொட்டல்வெளியில் கால்பந்தும் ரக்பியும் ஆடுவதுதான் அவருக்குப் பிழைப்பு. ரக்பியில் பந்தைத் தூர உதைத்துப் பழகிய கால் அது. வளர வளர ஆள் கிட்டத்தட்ட ஆறடி உயரம். உயரமும் உதையும் சேர்ந்தபோது, ஆண்களுக்கு இணையாக இல்லை, அவர்களில் பலரைவிட பலமாக அடிக்கும் ஆளாகிவிட்டார்.

குண்டு செய்த ஆலையில் பிறந்த அணி

இங்கே கொஞ்சம் பின்னால் போகணும். லில்லியைப் புரிந்துகொள்ள, அவர் சேர்ந்த அணியைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது.

பிரெஸ்டன் நகரத்தில் 'டிக், கெர் அண்டு கோ' என்று ஒரு கம்பெனி. டிராம் வண்டியும் ரயில் இன்ஜினும் செய்த இடம். முதல் உலகப் போர் வந்ததும் அது வெடிகுண்டு ஆலையாக மாறியது. ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆலைக்குள் பெண்கள் வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆலை முற்றத்தில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். ஆலையில் மிச்சமிருந்த ஆண்களோடு போட்டி போட்டு ஜெயித்தார்கள் என்றும் சொல்வார்கள்.

இதைக் கவனித்தவர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃபிராங்க்லேண்ட். இவர்தான் மேனேஜர் ஆகிறார். 1917 கிறிஸ்துமஸ் அன்று பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் முதல் பெரிய ஆட்டம். காயம்பட்டுக் கிடந்த போர்வீரர்களின் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட. 10 ஆயிரம் பேர் வந்தார்கள். டிக், கெர் 4-0 என ஜெயித்தது.

போர் முடிந்தால் இந்தக் கூத்தும் முடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் நிறைய. முடியவில்லை. 1918க்கு அப்புறம்தான் கூட்டம் ஏறியது. 1921 வாக்கில் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 150 பெண்கள் அணிகள் இருந்தன.

ஃபிராங்க்லேண்ட் கண்ணில் பட்ட லெஃப்ட் பேக்

லில்லி முதலில் ஆடியது சொந்த ஊர் அணியான செயின்ட் ஹெலன்ஸ் லேடீஸில். அந்த அணி டிக், கெர் அணியோடு மோதியபோது ஃபிராங்க்லேண்ட் கண்ணில் இரண்டு பேர் பட்டார்கள். ஒருவர் ஆலிஸ் உட்ஸ். இன்னொருவர் லில்லி. அப்போது அவருக்கு வயசு 14, 15தான்.

ஆலையில் வேலை, தங்க ஓர் இடம், ஆட்டத்துக்கு 10 ஷில்லிங் படி. இதுதான் பேச்சு. பிரெஸ்டனில் சக ஆட்டக்காரரான ஆலிஸ் நாரிஸின் குடும்பத்தோடு தங்கினார். சம்பளத்தோடு சிகரெட் பாக்கெட்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார் என்றொரு கதை இன்றைக்கும் ஓடுகிறது. கறாரான ஆள்தான், சந்தேகமில்லை. ஆட்டம் முடிந்ததும் பந்தைச் சுருட்டிக்கொண்டு போய் விற்றுவிடுவார் என்றும்கூட சொல்வார்கள்!

லில்லி என்றாலே கோல் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனா டிக், கெர் அணியில் அவர் ஆரம்பித்தது லெஃப்ட் பேக்காக. அதாவது தடுப்பாட்டக்காரர்.

இன்றைக்கு நாலு டிஃபெண்டர், ஐந்து டிஃபெண்டர் என்று பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் காலத்து ஆட்டம் விசித்திரமாக இருக்கும். அப்போது முன்னால் ஐந்து பேர், நடுவில் மூணு பேர், பின்னால் வெறும் இரண்டே இரண்டு பேக். அவ்வளவுதான். இதை வைத்து எப்படிச் சமாளித்தார்கள்? ஆஃப்சைடு விதிதான் காரணம். 1925 வரைக்கும் சக ஆட்டக்காரர் பந்தை அனுப்பும் நொடியில் தாக்குதல் ஆட்டக்காரருக்கு முன்னால் எதிரணியில் குறைந்தது மூணு பேர் இருக்கணும். இப்போது இரண்டு பேர் போதும். அதனால் இரண்டு பேக்குகளில் ஒருவர் சட்டென்று நாலடி முன்னேறினால் போதும், எதிரணி முழுக்க ஆஃப்சைடில் மாட்டிக்கொள்ளும். பேக் என்றால் காலில் பலம் மட்டும் பத்தாது, கணக்கும் தெரிய வேண்டும்.

பந்தும் இப்போதைய பந்து இல்லை. தோல் பந்து. மழை பெய்து சேற்றில் உருண்டால் தண்ணீரை உறிஞ்சிக் கல்லாகக் கனக்கும். அதை லெஃப்ட் பேக் இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை அனுப்பும் கால் லில்லிக்கு. அப்படிப்பட்ட காலைப் பின்னால் நிறுத்தி வைப்பது வீண் என்று நினைத்திருப்பார்கள் போல. இடது ஓரத்துத் தாக்குதல் ஆட்டக்காரராக முன்னே அனுப்பினார்கள். இடது மூலையிலிருந்து அவர் அடிக்கும் கிராஸ்கள், நேரே கோலுக்குள் போகும் ஷாட்கள்... அணியின் ஆயுதமே அதுவாகிப் போனது. ஆண் கோல்கீப்பர் ஒருவர் பெண் அடிக்கும் பந்தை நான் தடுக்க மாட்டேனா என்று சவால் விட்டு, லில்லியின் ஷாட்டில் கை எலும்பு முறிந்தது என்ற கதை, லில்லி பேச்சு வரும் இடமெல்லாம் வரும்.

ஹாட்ரிக் அடித்த டிஃபெண்டர்

மறுபடி குடிசன் பார்க்குக்கு வருவோம். அன்றைக்கு ஒரு வேடிக்கை நடந்தது. டிக், கெர் அணியின் சென்டர் ஃபார்வர்டு ஃபுளோரி ரெட்ஃபோர்ட் ரயிலைத் தவறவிட்டுவிட்டார்! முதல் பாதியில் ஜென்னி ஹாரிஸ் அந்த இடத்தில் ஆடினார். இரண்டாம் பாதியில் கேப்டன் ஆலிஸ் கெல் முன்னே போனார். ஆலிஸ் கெல் யார்? ரைட் பேக். பின்னால் நின்று தடுப்பதே தொழிலாக உள்ளவர். அவர் போய் ஹாட்ரிக் அடித்துவிட்டு வந்தார். ஆட்டம் 4-0.

லில்லிக்கு அந்த நாள் இன்னொரு வகையில் விசேஷம். எதிரில் நின்றது அவருடைய சொந்த ஊர், பழைய அணி. வயசு 15.

அன்றைய டிக்கெட் வசூல் 3,115 பவுண்டு. எல்லாம் தர்ம காரியத்துக்கு. ஆட்டக்காரர் ஒருவருக்கு 10 ஷில்லிங், அதாவது அரை பவுண்டு. 11 பேருக்கும் சேர்த்து ஐந்தரை பவுண்டு வரும். நம்ம கரையில் சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூணில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு மூழ்கினவர்களுக்கு என்று கணக்கு இருந்தது. அதுவே அநியாயம் என்போம். இந்தப் பெண்கள் பங்கே கேட்கவில்லை. வேலைக்கு லீவு போட்டதால் போன கூலியும், பஸ், ரயில் செலவும் கிடைத்தால் போதும் என்றார்கள். பின்னால் அந்தப் பத்து ஷில்லிங்கையும்கூட சும்மா விடவில்லை.

குடிசன் பார்க் ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு இன்னொரு சாதனையும் நடந்தது. டீப்டேலில் ராத்திரி ஆட்டம். போரில் விமானங்களைத் தேடப் பயன்படுத்திய சர்ச்லைட் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு அனுமதி தந்தவர் அப்போதைய போர்த்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். வெளிச்சத்தில் தெரியணும் என்பதற்காகப் பந்துக்கு வெள்ளையடித்து ஆடினார்கள். 12 ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

அதே 1920இல் பிரான்ஸ் அணி இங்கிலாந்துக்கு வந்தது. ஏப்ரலில் டீப்டேலில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 25 ஆயிரம் பேர். பின்பு டிக், கெர் பாரிஸுக்குப் போனது. 1-1 என்று இருந்தபோது கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட, ஆட்டத்தை ஐந்து நிமிஷம் முன்னதாகவே முடிக்க வேண்டியதாயிற்று. 1921 பிப்ரவரியில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் மற்ற அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து நிறுத்தினார்கள். 9-1. அதில் லில்லி மட்டும் ஐந்து. 1921இல் மட்டும் அந்த அணி ஆடியது 67 ஆட்டம். மொத்தம் சுமார் ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல்! அதுவும் ஆலையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே.

அப்புறம் ஏன் தடை?

1921 டிசம்பர் 5ஆம் தேதி கால்பந்து சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டே இல்லை, அதை ஊக்குவிக்கக் கூடாது என்றது. கூடவே, தர்மத்துக்கு என்று வசூலித்த பணத்தில் செலவுக் கணக்கு அதிகமாகக் காட்டப்படுகிறது என்று ஒரு குற்றச்சாட்டையும் சேர்த்துக்கொண்டது. சங்கத்தில் உறுப்பினராக உள்ள எந்த கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது. அவ்வளவுதான் உத்தரவு.

பார்க்கச் சின்ன உத்தரவு மாதிரி தெரியும். பெண்கள் பந்தைத் தொடவே கூடாது என்று எங்கும் சொல்லவில்லையே? ஆனா கேலரி, டிக்கெட் கவுன்ட்டர், நல்ல புல்தரை எல்லாம் இருந்தது அந்த கிளப்புகளிடம் மட்டும்தான். 53 ஆயிரம் பேரை வேறு எங்கே உட்கார வைப்பது? தூத்துக்குடியில் தருவை மைதானத்தைப் பூட்டிவிட்டு, ஆட வேண்டாம் என்று யார் சொன்னது, உப்பளத்துப் பக்கம் போய் ஆடுங்கள் என்று சொல்வது போல.

உடம்புக்கு ஆகாது என்று சொல்லச் சில டாக்டர்களும் கிடைத்தார்கள். வெடிமருந்தும் ரசாயனமும் நிறைந்த ஆலையில் 12 மணி நேரம் நிற்கும்போது யாருக்கும் வராத கவலை, பந்தை உதைத்ததும் வந்துவிட்டது.

உண்மைக் காரணம் என்ன என்பதில் வரலாற்றாசிரியர்கள் பல விஷயம் சொல்கிறார்கள். ஆண்கள் லீக் அப்போது விரிவாகிக்கொண்டிருந்தது. கூட்டம் பெண்கள் பக்கம் போவது பிடிக்கவில்லை என்பது ஒன்று. வசூல் சங்கத்தின் கைக்கு வராமல் போனது இன்னொன்று. 1921இல் சுரங்க முதலாளிகள் கதவடைப்பு செய்தபோது, பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பெண்கள் அணிகள் ஆடி நிதி திரட்டின. போர்வீரர்களுக்காக ஆடும்வரை தேசபக்தி. தொழிலாளிக்காக ஆடியதும் அரசியல் ஆகிவிட்டது. இந்த மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. இதைப் பல கட்டுரைகள் தாண்டிப் போய்விடுகின்றன.

இங்கிலாந்தோடு நிற்கவில்லை. பிரேசிலில் 1941இல் சட்டம் போட்டே தடுத்தார்கள்; 1979 வரை நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. பெலே ஆடிய காலம் முழுக்க, பிரேசிலில் ஒரு பெண் சட்டப்படி பந்து ஆட முடியாது.

தடைக்குப் பிறகு 30 வருஷம்

பல அணிகள் கலைந்தன. டிக், கெர் கலையவில்லை.

1922இல் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள். கரையிறங்கியதும் செய்தி, அங்கேயும் ஆடக்கூடாது என்று. அமெரிக்காவுக்குப் போய் அங்கிருந்த ஆண்கள் அணிகளோடு மோதினார்கள். சிலவற்றில் ஜெயித்தார்கள், சிலவற்றில் டிரா, சிலவற்றில் தோல்வி. ஆண்களோடு.

ஊர் திரும்பியதும் ரக்பி மைதானம், பொட்டல், பூங்கா என்று கிடைத்த இடத்தில் ஆடினார்கள். 1926 வாக்கில் ஆலை நிர்வாகமும் கையை விரித்தது. அணியின் பெயர் 'பிரெஸ்டன் லேடீஸ்' ஆனது. ஆலை வேலையை இழந்த ஆட்டக்காரர்கள் சிலருக்கு ஃபிராங்க்லேண்ட் முயற்சியில் பிரெஸ்டன் பக்கத்தில் விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் வேலை கிடைத்தது. லில்லி அங்கே நர்ஸ். வாரம் முழுக்க வார்டில், லீவு நாளில் மைதானத்தில். இப்படியே வருஷங்கள் ஓடின. வாழ்க்கைத் துணையாக அமைந்த பெண்மணியையும் அங்கேதான் சந்தித்தார். இருவரும் கூஸ்னார் கிராமத்தில் சொந்த வீடு வாங்கிக் குடியிருந்தார்கள். அந்தக் காலத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் வாழ்வது சாதாரண விஷயம் இல்லை. லில்லி அதை ஒளித்ததாகவும் தெரியவில்லை, பறைசாற்றியதாகவும் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அணியின் கேப்டன் ஆனார். ஆட்டத்தை நிறுத்தும்போது வயசு 45ஐத் தொட்டிருந்தது. மொத்தம் 980க்கு மேல் கோல் என்பது பலரும் சொல்லும் கணக்கு. லீக் கிடையாது, முறையான பதிவேடு கிடையாது. பத்திரிகைத் துணுக்குகளிலிருந்தும் நினைவுகளிலிருந்தும் கூட்டியெடுத்த எண் இது. கோலையாவது இப்படி எண்ணினார்கள். லெஃப்ட் பேக்காக அவர் தடுத்ததையும், ஆலிஸ் கெல் ஆண்டுக்கணக்கில் தடுத்ததையும் எண்ண யாரும் இல்லை.

பார்க்கக் கிடைத்தது

ஃபிராங்க்லேண்ட் 1957இல் காலமானார். ஆட்கள் கிடைக்காமல் 1965இல் அணியும் முடிந்தது. அதற்கு அடுத்த வருஷம் ஆண்கள் உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. கால்பந்து மோகம் பெண்களையும் மறுபடி தொற்றியது. அணியோ போய்விட்டிருந்தது. ஒரே ஒரு வருஷம்!

1967இல் லில்லிக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு மார்பகங்களையும் அகற்றினார்கள். தாங்கி எழுந்தார். 1971இல் தடை நீங்கியது. 1972 நவம்பரில் இங்கிலாந்து பெண்கள் அணி தன் முதல் அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் ஸ்காட்லாந்தை 3-2 என வென்றபோது லில்லிக்கு 67 வயசு. அவர் பாரிஸில் ஆடி 52 வருஷம் கழித்து வந்த 'முதல்' ஆட்டம் அது.

1978 மே 24ஆம் தேதி கூஸ்னார் வீட்டில் காலமானார். பிறந்த ஊரான செயின்ட் ஹெலன்ஸில் அடக்கம் செய்தார்கள்.

நம்ம பக்கம் பெண்கள் கால்பந்துக்கு என்று தனி சம்மேளனம் வந்தது 1975இல். அந்தச் சம்மேளன காலத்து இந்திய அணிதான் ஆசியப் போட்டியில் இரண்டு முறை, கோழிக்கோட்டில் ஒரு தடவை, 1983இல் தாய்லாந்தில் ஒரு தடவை, இரண்டாம் இடம் பிடித்தது. அந்த அணிகளின் பின்வரிசையில் நின்றவர்கள் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாடு பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை 2-1 என வென்று தேசிய சாம்பியன் ஆனபோதும் செய்தி இரண்டு நாளில் அடங்கிவிட்டது. 2019இல் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றதும் அப்படியே.

இங்கிலாந்தில் மதிப்பு மெதுவாகத்தான் வந்தது. 2002இல் தேசிய கால்பந்து அருங்காட்சியகம் தன் கௌரவப் பட்டியலைத் தொடங்கியபோது, முதல் வரிசையில் இடம்பெற்ற ஒரே பெண் லில்லி. 2008இல் பழைய தடைக்காக கால்பந்து சங்கம் மன்னிப்புக் கேட்டது. தீர்மானத்துக்கும் மன்னிப்புக்கும் இடையில் 87 வருஷம். லில்லி இறந்தே 30 வருஷம் ஆகியிருந்தது.

2019 மார்ச்சில் மாட்ரிட்டில் அட்லெட்டிகோவும் பார்சிலோனாவும் மோதிய பெண்கள் ஆட்டத்துக்கு 60,739 பேர் வந்தார்கள். குடிசன் பார்க் எண்ணிக்கையைப் பெண்கள் கிளப் ஆட்டம் ஒன்று தாண்ட அதுவரை ஆகிவிட்டது. அதே வருஷம் மான்செஸ்டரில் லில்லிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பிரிட்டனில் பெண் கால்பந்து ஆட்டக்காரர் ஒருவருக்கு வைத்த முதல் சிலை அதுதான்.